மன்னித்தருளிய ஜவுளிக்காரர்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. தியான மடத்துக்குப் போய்க் கடவுள் சன்னிதியில் ஒரு மாதம் உட்கார்ந்துவிட்டு வந்தார் ஒரு ஜவுளிக்கடைக்காரர். "மூஞ்சில என்ன ஒரு ஒளி!" என்று தெருவே வாயைப் பிளந்தது. நான் வியாபாரிகள் மத்தியில் வளர்ந்தவன். மினுக்குகிற துணியைக் கண்டால் ஒரு மூலையை நனைத்துத் தேய்த்துப் பார்ப்பேன். சாயம் போகிறதா, நிற்கிறதா? என் இறையியல் அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: "அதிகாலைப் பொன்னொளி அவரது திருமுகத்தில் தவழ்ந்து…"

(சீ. இப்படி எழுதினால் மடத்தார் எனக்கு விளம்பர வேலை கொடுத்துவிடுவார்கள்.)

இரண்டாவது: ஜவுளிக்காரர் துணியை இழுத்து அளப்பவர். அளவுகோலில் வைத்து, கட்டைவிரலால் ஒரு இழுப்பு. கடையில் சரியாக இருக்கும் துணி, வீட்டில் உதறினால் நாலு விரல் குறையும். (இதைத் தொழில் நெளிவுசுளிவு என்பவர்களோடுதான் நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.) யாராவது சண்டைக்கு வந்தால் உள்ளே பார்த்துக் கத்துவார்: "ஏய், நீதானே அளந்த? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" அளவுகோலைத் தொட்டே இராத மனைவி வந்து தலைகுனிந்து நிற்பாள்.

இது தேவலாம். இதிலேயே போவோம்.

3

மனைவியைப் பொறுமையின் வடிவம் என்று எழுதினால் உங்கள் கண் கலங்கும். கலங்க வேண்டாம். அவள் பொறுமைசாலி இல்லை. அவளுக்கு நேரம் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். அவர் மடத்துக்குக் கிளம்பிய அன்றே சொல்லிவிட்டாள்: "போயிட்டு வாங்க. வந்தப்புறமும் நாலு பேர் முன்னால என் தலையில பழியைப் போட்டீங்கன்னா, நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்." அவர் இல்லாத மாதம் முழுக்கக் கடையை நடத்தினாள், இழுக்காமல் அளந்தாள். பையையும் கட்டி வைத்தாள்.

4

திரும்பி வந்தவர் குரல் பஞ்சாகியிருந்தது. வாடிக்கையாளரை "அன்பரே" என்றார். விலை மட்டும் அன்பில் இறங்கவில்லை. வந்த அன்றே கல்லாவில் மறுபடி அவரே உட்கார்ந்தார். அளவுகோலும் அவர் கைக்கே போனது.

மறுநாள் தையல்காரர் துணியோடு வந்தார்.

"முதலாளி, நேத்து உங்க கடையில வாங்கின துணியாம். சட்டைக்குப் பத்தல. ஒரு கைதான் வருது. இன்னொரு கையை மடக்கி வச்சுக்கச் சொல்லவா?"

ஜவுளிக்காரர் கண்ணை மூடினார். முகத்தில் அந்த ஒளி வந்தது.

"கோவப்படாதீங்க அன்பரே. அளந்தது வீட்டுக்காரிதான். பாவம், அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நான் அவளை மனசார மன்னிச்சுட்டேன். நீங்களும் மன்னிச்சுடுங்க."

(இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தேன். முன்பு திட்டினார், இப்போது மன்னிக்கிறார். சரக்கு பழசு, அட்டைப்பெட்டி புதுசு.)

பையோடு வெளியே வந்தாள் மனைவி.

"ஒரு மாசம் கடவுள் முன்னால உட்கார்ந்திருந்தீங்களே?"

"ஆமா. அது ஒரு பெரிய அனுபவம்…"

"அவர்கிட்டயும் நான்தான் அளந்தேன்னு சொன்னீங்களா?"

தையல்காரர் சிரிக்கக் கூடாதென்று கூரையைப் பார்த்தார். ஜவுளிக்காரர் முகத்திலிருந்த ஒளி பொட்டென்று அணைந்தது. கீழே பழைய முகம், வியர்வையோடு.

5

முடிவு அ: அவர் அவள் காலில் விழுந்து கதறுகிறார். (வேண்டாம். அந்தக் கண்ணீர் மடத்தில் மொத்த விலைக்கே கிடைக்கிறது.)

முடிவு ஆ: அவள் படியிறங்கிப் போகிறாள். நீங்கள் கைதட்டுகிறீர்கள், நானும்தான். இதோடு முடித்திருப்பேன். ஆனால் ஒரு இடைஞ்சல்: அவரிடம் பதில் இல்லை. பதில் கைவசம் இல்லாத வியாபாரியை நான் இதுவரை பார்த்ததில்லை. இப்படிப் பொய் வராமல் நிற்பதைத்தான் பக்திமான்கள் கடவுள் சன்னிதி என்பார்கள். சொன்ன விலைக்கு வாங்குகிறவன் இல்லை நான். இருந்தாலும் இந்தத் துணியைத் தேய்க்க எனக்குக் கை எழவில்லை.

அவர் வாயைத் திறந்தார்.

"நான்…"

அதற்கு மேல் எழுத மாட்டேன். "நான் என்ன சொல்ல வர்றேன்னா" என்று நீட்டி முழக்கினால், அவள் போகட்டும், வழிவிடுங்கள். "நான்தான் அளந்தேன்" என்றால், அந்த ஒரு மாதம் வீண் போகவில்லை என்று வயிற்றெரிச்சலோடு நானே ஒப்புக்கொள்கிறேன். எதுவாக இருந்தாலும், அவரை முணுமுணுக்க விடாதீர்கள். தையல்காரர் காதில் விழும்படி சொல்லச் சொல்லுங்கள்.