கடைசிப் பத்தியில் இருந்தவர்

துறைமுக வாயில் காவலர் ஆல்ஃப் பிக்கரிங், 1961 மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, பத்திரிகைச் செய்தியின் கடைசிப் பத்தியோடு சேர்த்து வெட்டப்பட்டார். அன்று இங்கிலாந்தின் ஃப்ளீட்வுட் துறைமுகத்தில் மீன் விலை சற்று இறங்கியிருந்தது. செய்தியை எழுதியவள் உள்ளூர்க்காரி நோரா ஸ்கெல்டன். ஐஸ்லாந்துக் கடலில் ஆட்களோடு மூழ்கிய மீன்பிடிக் கப்பல் வயர்லெஸ் கருவி இல்லாமல் புறப்பட்டதைப் பார்த்தவர் ஆல்ஃப் ஒருவர்தான். இடமில்லை என்று ஆசிரியர் அடியிலிருந்து வெட்டினார். எந்தச் செய்தியையும் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். கப்பல் முதலாளிகளின் விளம்பரத்துக்கு மட்டும் முழுப்பக்கம் கிடைத்தது. மத்தியானம் காவல் கூண்டில் பாதி குடித்த தேநீர் இருந்தது, ஆல்ஃப் இல்லை. அந்தத் தேநீர் அதன்பின் ஆறவே இல்லை. அடுத்து வந்த காவலர் அதைத் தள்ளி வைத்துவிட்டு வேலை பார்த்தார்.

நோரா அன்றே வேலையை உதறிவிட்டு லண்டன் போய்ப் படத்தொழில் கற்றாள். ஒன்பது வருடம் கழித்து இயக்குநராகக் கேமராவோடு திரும்பி வந்தாள். அந்தக் கப்பலில் கணவனைப் பறிகொடுத்த ஃப்ரீடா லோமாக்ஸ், மீன் அறுக்கும் கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: “நான் பாட்டுக்குப் பேசிடுவேன் கண்ணு. உங்க ஆளு என்னையும் வெட்டிட்டா?”

“இந்தத் தடவை ஒருத்தரையும் வெட்ட விடமாட்டேன்,” என்றாள் நோரா.

முதலாளிகள் லண்டனுக்குத் தொலைபேசியில் மிரட்ட, தயாரிப்பாளர் பென்ரோஸ் அலறியடித்து ரயிலேறி வந்து, ஃப்ரீடா பேசிய காட்சியைப் படத்திலிருந்து நீக்கிவிடச் சொன்னார். நோரா வாதாடவில்லை, அவரை ஃப்ரீடா வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனாள். ஃப்ரீடா எல்லாவற்றையும் மறுபடி சொல்லி முடிப்பதற்குள், வினிகர் தெளித்த பொரித்த மீனை மனிதர் இரண்டு தட்டு காலி செய்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

லண்டனில் படத்தொகுப்பு அறையில் நோரா படச்சுருளையும் கத்தரிக்கோலையும் அவர் முன் வைத்தாள். “பழைய காட்சியைத் தூக்கிட்டு இதைச் சேர்த்துட்டேன். வெட்டுங்க. அவ பேசுற இடமெல்லாம் பக்கத்துல நீங்கதான் இருக்கீங்க.”

பென்ரோஸ் சிரித்தார். சோதித்துப் பார்க்க, ஆணியில் தம் தொப்பி மட்டும் தொங்கிய படத்துண்டை வெட்டினார். தலை சில்லிட்டது. தடவிப் பார்த்தார், தொப்பியைக் காணோம். அதன்பின் அவர் கத்தரிக்கோலைத் தொட்டதில்லை.

படத்தின் கடைசியில், எவனும் முதலில் கைவைக்கும் அந்த இடத்தில், வெட்டுப்பட்ட பத்தியை நோரா தன் குரலிலேயே வாசித்து வைத்தாள். ஃப்ளீட்வுட்டில் பகல் காட்சிக்கு வந்த முதலாளிகள் பாதியில் எழுந்து போனார்கள். ஃப்ரீடா அசையவில்லை. காட்சி முடிந்து எல்லோரும் துறைமுகம் வழியாகத் திரும்பியபோது, ஆல்ஃப் கூண்டில் உட்கார்ந்து மிச்சத் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

“வயர்லெஸ் இல்லாமத்தான் போச்சு. அன்னைக்கே சொன்னேனே,” என்றார்.

“இப்பதான், ஆல்ஃப், எங்க காதுக்கு வந்துச்சு,” என்றாள் ஃப்ரீடா.

தேநீரில் சர்க்கரை போதவில்லை என்று அவர் குறைபட்டுக்கொண்டார். அவருக்குப் பதில் வந்திருந்த காவலர் சாவிக்கொத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.