பின்சீட்டு ஈரம்

மாமனார் ஓட்டிக்கிட்டிருந்த பழைய காரு மாப்பிள்ளை கைக்கு வந்ததிலேருந்து அதுக்கு நடந்த உபசாரம், கட்டின பொண்டாட்டிக்குக்கூட நடந்ததில்லை. மாமனாரைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போற அன்னிக்கெல்லாம், ஹோஸ் பைப்பைப் போட்டு கூரையிலேருந்து சக்கரம் வரைக்கும் குளிப்பாட்டித் துடைச்சுதான் நிறுத்துவான்.

அப்படிப் போயிட்டு வந்த ஒருநாள், மாமனார் இறங்கினதும் பார்த்தா அவர் உக்காந்த எடம் ஈரம். அவர் பேண்டும் ஈரம். ஒரு மாதிரி வாடை வேற. மாப்பிள்ளை ஒண்ணும் கேக்கலை. கேக்காம இருக்கறதே பெரிய மரியாதைன்னு நெனச்சுக்கிட்டான். அடுத்த தடவை அவர் ஏறறதுக்கு முன்னாடி அந்த எடத்துல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரிச்சு வெச்சான்.

மாமனார் ஷீட்டைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். ஏறி உக்காந்தார். வாய் ஓயாத மனுஷன், போகவர ஒரு வார்த்தை பேசலை. வீட்டுக்கு வந்ததும், "எதுக்கு மாப்ள உங்களுக்குச் சிரமம், இனிமே நான் பஸ்லயே போயிக்கிறேன்"னார். மாப்பிள்ளையும் சரின்னுட்டான். அதோட விட்டானா? கூட்டாளிங்ககிட்ட "எங்க மாமாவுக்கு டேங்க் லீக்கு"ன்னு சொல்லிச் சிரிக்கவும் சிரிச்சான்.

ஒரு ராத்திரி மழை கொட்டித் தீர்த்துச்சு. மறுநாள் கதவைத் திறந்தா, யாருமே ஏறாத காருல அதே எடம் ஈரம். மாப்பிள்ளை பின்சீட்டைக் கழட்டி வெளியில போட்டு ஒரு அமுக்கு அமுக்கினான். மேல ரெக்சினைத் துடைச்சா காஞ்சுடுது, உள்ள பஞ்சு பிழியாத துணி மாதிரி தண்ணியைக் கக்குது.

பொண்டாட்டி கையில டார்ச்சைக் குடுத்து உள்ள ஏத்தினான். பின் கண்ணாடிக்குக் கீழ, தண்ணி வர்ற தடம் தெரியறதுக்காக முகப் பவுடரைத் தூவினான். வெளியில நின்னு ஹோஸைப் புடிச்சான்.

"வருதா?"

"வரலை."

ஹோஸை இன்னும் கொஞ்சம் மேல தூக்கினான். "இப்ப?"

சத்தமே இல்லை.

"ஏய், உன்னைத்தான்! தூங்கிட்டியா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேருந்து அவ அவனையே பார்த்துக்கிட்டிருந்தா. கண்ணாடியைச் சுத்தியிருந்த ரப்பர் மூலையில வெடிச்சிருந்துச்சு. தண்ணி பவுடர்ல கோடு கிழிச்சுக்கிட்டு இறங்கி, அவ அப்பா உக்கார்ற அதே ஓரத்துல சொட்டுது.

"தண்ணியை நிறுத்துங்க"ன்னா. "எங்கப்பாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. ஷீட்டு விரிச்சது உங்க கைதானே."

மாமனார் ரூம்ல ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டிருந்தார். மாப்பிள்ளை நிலைப்படியைத் தாண்டாமலே சொல்லி முடிச்சான்.

"அப்ப நான் இல்லையா மாப்ள?"

"இல்ல மாமா. காருதான். நான் ஹோஸ் போட்டுக் கழுவினதுதான்."

அவர் பிரஷ்ஷைக் கீழ வெச்சார். "நானும் யோசிச்சுப் பார்த்தேன், நமக்கே தெரியாம எப்படின்னு. சரி, வயசானா இப்படித்தான் போலிருக்குன்னு விட்டுட்டேன். வெளிய கிளம்பற அன்னிக்குத் தண்ணியே குடிக்கறதில்லை. நாக்கு ஒட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட பேச்சே வராது. ரொம்ப அடக்கமான ஆளுன்னு நெனச்சிருப்பாரு பாவம்!"

அவர் சிரிச்சார். மாப்பிள்ளைக்குச் சிரிக்க வரலை. அந்த டேங்க் ஜோக்கு இவர் காதுக்கும் வந்திருக்குமோன்னு நெனச்சான். தலையைத் தூக்காம வெளியில வந்துட்டான்.

புது ரப்பர் வாங்கினான். அதோட இடுக்குல கயித்தைச் சுத்தி, மெக்கானிக் வெளியிலேருந்து கண்ணாடியை அமுக்க, இவன் உள்ளேருந்து கயித்தை இழுக்க, ரப்பர் விளிம்பு தகரத்துமேல ஏறி கச்சிதமா உக்காந்துச்சு. சீட்டுக்குப் புதுப் பஞ்சு. ஹோஸைப் போட்டுப் பார்த்தாங்க, பொட்டுத் தண்ணி இறங்கலை.

அடுத்து டாக்டர்கிட்ட போற நாள் வந்துச்சு. மாமா, கார்லயே போலாம்னு கெஞ்சிக் கூப்பிட்டிருந்தான். காரை அன்னிக்கு அவன் கழுவலை. தூசியும் தும்புமா வாசல்ல நின்னுச்சு. பாலிஷ் போட்ட ஷூவோட மாமனார் வந்தார். கக்கத்துல அந்தப் பிளாஸ்டிக் ஷீட்டு, நாலா மடிச்சு.

"மாமா, அது வேண்டாமே. இனிமே ஒழுகாது."

"தெரியும் மாப்ள. இருந்துட்டுப் போகட்டும். இது இருந்தாத்தான் எனக்குத் தைரியமா இருக்கு."

அவரே விரிச்சு, சுருக்கமில்லாம நீவிவிட்டு உக்காந்தார். முன்சீட்டுல அவர் பொண்ணு ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

முதல் திருப்பத்துலயே பின்னாடி சரசரன்னு கேட்டுச்சு. அப்புறம் வந்த திருப்பத்தையெல்லாம் மாப்பிள்ளை மெதுவா, ரொம்ப மெதுவா திருப்பினான்.