போட்டோ பாபுவின் சுவர்

தான் எடுத்த படங்களை மாட்ட, சிவஞானத்துக்கு ஒரு சுவர் கிடைக்க ஒன்பது வருஷம் ஆயிற்று. அதுவும், ஊரைவிட்டுப் போகப்போகிற மனுஷன் என்று இரக்கப்பட்டுக் கொடுத்த சுவர். அடுத்த மாதம் போய்ச் சேரும்படி அவரை, அந்தமானுக்கும் தெற்கே தீவுகளின் கடைக்கோடியில் இருந்த கேம்பல் பேக்கு மாற்றியிருந்தார்கள். முன்னாள் ராணுவக் குடும்பங்களை அங்கே குடியேற்றத் தொடங்கியிருந்த நேரம் அது. காடு வெட்டுவதையும் ரோடு போடுவதையும் படம் பிடிக்க, அவர் போட்டோகிராபராக இருந்த சர்க்கார் ஆபீசுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அங்கே ஞாயிறு வட்டம் கிடையாது. போர்ட் பிளேருக்குத் திரும்ப அடுத்த படகு எப்போது என்று கேட்டால் பதில் சொல்லவும் ஆள் கிடையாது.

ஞாயிறு வட்டம் என்றால் ஏழெட்டுப் பேர். வாரம் முழுக்க சர்க்கார் குமாஸ்தாக்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கலைஞர்கள். நிர்வாகம் நடத்தும் கண்காட்சியில் குத்துவிளக்கும் மாலையும் அதிகாரி பேச்சும் முடிந்த பிறகுதான் படத்துப் பக்கமே போகவிடுகிறார்கள் என்று கோபித்துக்கொண்டு தனியே பிரிந்து வந்தவர்கள். அபர்தீன் பஜாரில் ஜெய்னுதீன் பாயின் கடைக்குப் பின்னால் கொப்பரை வைக்கும் தகரக் கொட்டகை இருந்தது. கொப்பரை கப்பலேறிப் போன மாதங்களில் அதுவே வட்டத்தின் கலைக்கூடம். பிமல் பாபு அங்கே எண்ணெய் வர்ணத்தில் அலை அலையாக வரைந்து தள்ளுவார். துறைமுக குமாஸ்தா உதயசூரியன் எல்லாவற்றைப் பற்றியும் கவிதை எழுதுவார். வட்டத்தின் செயலாளரும் அவர்தான்.

"போட்டோவை மெஷின் எடுக்குது சார். அதுல நீங்க என்ன பண்றீங்க?" என்று உதயசூரியன் வருஷம் தவறாமல் கேட்பார். கேட்டுவிட்டு, மற்றவர்களின் ஓவியங்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிக் காட்ட அதே மெஷினால் படம் எடுத்துத் தரச் சொல்வார். சிவஞானம் எடுத்துக் கொடுப்பார். மறுத்துப் பேச அவருக்கு அலுப்பாக இருந்தது.

ஆபீசில் அவர் வேலை, அடையாள அட்டைக்கு முகம் பிடிப்பது. குடியேறியவர்களை வெள்ளைத் துணிக்கு முன்னால் ஒவ்வொருவராக உட்காரவைத்து எடுப்பார். கழுவிக் காயவைத்த படங்களை ஆபீஸ் வராந்தாவில் ஒரு பலகையில் குத்தி வைப்பார்கள். ஜனங்கள் வந்து தத்தம் முகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போவார்கள். கையெழுத்தில்லை, கேள்வியில்லை. சொந்த முகத்தை எடுத்துக்கொள்ள யாரிடம் போய் அனுமதி கேட்பது? ஊர் முழுக்க அவருக்குப் போட்டோ பாபு என்றே பேர்.

ஆனால் அவருடைய சொந்த வேலை வேறு. மெயின்லேண்டுக்குக் கப்பல் கிளம்பும் நாளில் தன் சொந்தக் காமிராவோடு சாத்தம் ஜெட்டிக்குப் போய்விடுவார். கப்பலையோ, போகிறவர்களையோ அவர் எடுப்பதில்லை. டிக்கெட்டும் இல்லாமல் லீவும் இல்லாமல், யாரையோ வழியனுப்பிவிட்டுக் கரையிலேயே நிற்கிறவர்களை மட்டும் எடுப்பார். கப்பல் திரும்பி வளைகிற வரைக்கும் அந்த முகங்களில் இருப்பது, வளைந்து மறைந்த பிறகு இருக்காது. அந்த நேரத்துக்காகத்தான் அவர் வெயிலில் காய்ந்தார்.

லம்பா லைன் குவார்ட்டர்ஸில் குளியலறைதான் அவருக்கு இருட்டறை. "ஒன்பது வருஷமா குளிக்க விடாம அடைச்சு வச்சுக்கிட்டு இதைத்தான் எடுத்தீங்களா? ஒருத்தராவது சிரிச்ச முகமா இருக்காங்களான்னு பாருங்க" என்பாள் மனைவி சுசீலா. போன மழைக்காலத்தில் கூரை ஒழுகி, பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்த நெகட்டிவ் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பசையாகிவிட்டன. அன்றைக்கு அவள் கேலி செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். மிஞ்சியது, முன்பே பெரிதாகப் போட்டு வைத்திருந்த பதினாலு படங்கள். இனி அவற்றைப் போல இன்னொன்று போட முடியாது.

அந்தப் பதினாலையும்தான் ஞாயிற்றுக்கிழமை, கொட்டகையில் வட்டம் கொடுத்த சுவரில் மாட்டினார். கல்கத்தாவில் கலைக்கூடம் வைத்திருக்கும் சௌதுரி என்பவர் திங்கட்கிழமை கப்பலில் வருகிறார், செவ்வாய் காலை கொட்டகைக்கு வந்து பார்த்துப் பிடித்ததை எடுத்துப்போய் அங்கே கண்காட்சி வைப்பார் என்று ஏற்பாடு. நாற்பத்தாறு வயதில் சிவஞானத்துக்கு வேறு ஆசை மிச்சமில்லை. எங்கோ ஓர் ஊரில், தன்னை யாரென்றே தெரியாத ஒருவர் தன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

திங்கட்கிழமை ஆபீஸ் முடிந்து, மழையில் நனைந்துகொண்டு கொட்டகைக்குள் நுழைந்தவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிமல் பாபுவின் அலைகள் அப்படியே இருந்தன. எதிர்ச் சுவரில் வெறும் ஆணிகள். பதினாலில் ஒன்றே ஒன்றுதான் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாய்," என்று கூப்பிட்டார்.

ஜெய்னுதீன் பாய் கடையிலிருந்து சிரித்த முகமாக வந்தார். "காலையிலேருந்து ஒரே கூட்டம் சார். கராச்சர்மா பஸ்ல வந்து வந்து எறங்குறாங்க. எல்லாரும் அவங்கவங்க போட்டோவை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. மழையா இருக்கேன்னு நான்தான் பேப்பர்ல சுத்திக் குடுத்தேன். ரெண்டு வீட்டுக்காரங்க ஒரே படத்துக்குச் சண்டை. அதையும் தீர்த்து வச்சேன்."

"எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லி யார் சொன்னது?"

பாயின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. "குடுக்கத்தானே மாட்டி வச்சிருக்கீங்க?"

சிவஞானத்துக்குப் புரிந்துவிட்டது. சுசீலாதான் பஸ் ஸ்டாப்பில், ரேஷன் கடையில், பார்த்தவர்களிடமெல்லாம், எங்க வீட்டுக்காரர் போட்டோவெல்லாம் பாய் கொட்டகையில் மாட்டியிருக்கு என்று பெருமையடித்திருப்பாள். கேட்டவர்கள் வேறெப்படி நினைப்பார்கள்? போட்டோ பாபு படம் மாட்டினால் போய் எடுத்துக்கொள்வதுதானே இந்த ஊர் வழக்கம். அந்த வழக்கத்தைப் பழக்கியவரே அவர். யார்மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தார், ஆள் கிடைக்கவில்லை.

உதயசூரியன் வந்து சுவரைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "மதியம் நான் இங்க இருந்திருக்கணும். துறைமுகத்துல வேலை முடியல. விடுங்க, அந்தப் பெரிய படம் தப்பிச்சிருச்சே. அது ஒண்ணு போதும் சார்."

உண்மைதான். தப்பியது இருப்பதிலேயே பெரியது, அவர் எடுத்ததிலேயே நல்லதும் அதுதான். ஜெட்டியில் இருபது முப்பது பேர். அத்தனை பேரும் இடப்பக்கம் கப்பலைப் பார்த்துக் கழுத்தை நீட்டியிருக்க, நடுவில் தலையில் துண்டு கட்டிய ஒருவர் மட்டும் அந்தப் பக்கமே திரும்பாமல் வேறெங்கோ பார்க்கிறார். அந்த ஒரு முகத்தில்தான் படம் மொத்தமும் நின்றது. மெயின்லேண்டுக்கு முதுகு காட்டிய மனிதன் என்று உதயசூரியன் அவரைப் பற்றி நாலு பக்கக் கவிதை எழுதியிருந்தார். போட்டோவை மெஷின் எடுக்கிறது என்று சொல்கிற வாயால்தான் அதையும் படித்தார். நிறைய முகங்கள் இருந்ததால் இது பொதுப் படம், யாரும் தனியாக எடுக்கக் கூடாது என்று ஜனங்களே பேசி விட்டுவைத்தார்களாம்.

சிவஞானம் ஸ்டூலில் உட்கார்ந்தார். போனது பதிமூன்று. ஒன்று இருக்கிறது. ஒன்றின் முன்னாலும் ஒரு மனுஷன் நிற்கலாம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் துணி மூட்டை, தலையில் பிளாஸ்டிக் விரிப்பு.

"போட்டோ பாபு நீங்கதானே? நான் மரகதம், கராச்சர்மா. பக்கத்து வீட்டு நீலாவதி அவ போட்டோவை வாங்கிட்டு வந்து சொன்னா, என் வீட்டுக்காரரு பெரிய படத்துல இருக்காருன்னு."

சிவஞானம் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் காட்டினார். அவள் படத்துக்கு அருகில் போய், முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, நடுவில் நின்றாள். துண்டு கட்டிய முகத்தைத் தொடாமல், விரலை மட்டும் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இவருதான்," என்றாள்.

உதயசூரியனுக்கு ஆவல் தாங்கவில்லை. "எல்லாரும் கப்பலைப் பார்க்கறாங்க, இவர் மட்டும் ஏம்மா பார்க்கலை? ஊர் மேல அவ்வளவு வெறுப்பா?"

"வெறுப்பெல்லாம் இல்ல. எங்க அக்கா ஊருக்குப் போனா அன்னிக்கு. நான் தண்ணி குடிக்கக் குழாய்க்குப் போயிட்டேன். கூட்டத்துல காணமேன்னு என்னைத் தேடுறாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போன மழைக்குக் காய்ச்சல்ல போயிட்டாரு பாபு. ஒரு போட்டோகூட இல்ல. அட்டைக்குப் பிடிக்கக் கூப்பிட்டப்பல்லாம் டூட்டி டூட்டின்னு படகு வேலைக்கே போயிட்டாரு. கல் கரேகா, கல் கரேகான்னே சொல்லிட்டு இருந்தாரு, நாளைக்கு நாளைக்குன்னு."

சிவஞானம் அந்தப் படத்தைப் பார்த்தார். எத்தனையோ இரவு, சிவப்பு விளக்கில், தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்த முகம். அவர் எதை எதையோ அதில் பார்த்திருந்தார். தனிமை என்று பார்த்தார், தன்னையே பார்த்தார். ஒரு நாளும் அந்த ஆள் பெண்டாட்டியைத் தேடுகிறார் என்று தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் களைப்பாக இருந்தது.

"நாளன்னைக்கு வாங்கம்மா, தர்றேன்," என்றார். "நாளைக்குக் காலையில ஒருத்தர் பார்க்க வர்றாரு."

"காலையில எனக்குப் படகு. கேம்பல் பேல ரோடு வேலைக்கு ஆள் எடுக்கறாங்க, பேரு குடுத்துட்டேன். திரும்பி எப்ப வருவேன்னு தெரியாது பாபு."

"அடுத்த மாசம் நானும் கேம்பல் பேக்குத்தான் வர்றேன். கொண்டு வந்து..." என்று ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். சௌதுரிக்குப் பிடித்துவிட்டால் படம் கல்கத்தாவுக்குப் போய்விடும். பிடிக்காமல் போனால்தான் அவர் கையில் இருக்கும். பிடிக்க வேண்டும் என்றுதானே ஒன்பது வருஷம்? இந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அது பொய்யாக வேண்டும் என்று ராத்திரி முழுக்க வேண்டிக்கொண்டு படுக்க அவரால் முடியாது.

மரகதம் கெஞ்சவில்லை. "சரிங்க பாபு. படகு வர்ற வரைக்கும் இங்க நின்னு பார்த்துக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

கேட்காமல் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால்கூட அவருக்கு இத்தனை கஷ்டமாக இருந்திருக்காது. எழுந்துபோய்ப் படத்தை ஆணியிலிருந்து கழற்றினார்.

"சார், யோசிச்சுச் செய்யுங்க," என்றார் உதயசூரியன்.

"எடுத்துக்கம்மா," என்று நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "முழுசும் எனக்கெதுக்கு? மத்தவங்க முகமெல்லாம் இருக்கே. நாளைக்கு அவங்க வந்து எங்க போட்டோ எங்கேன்னு கேட்டா? இவரை மட்டும் வெட்டிக் குடுங்க பாபு."

சிவஞானம் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். முழுதாகக் கொடுத்தால்கூட, படம் உலகத்தில் எங்கோ ஒரு குடிசையில் படமாக இருக்கும். வெட்டினால் வெட்டிய துண்டும் படமில்லை, மிஞ்சியதும் படமில்லை. அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தார். ஒன்பது வருஷமாக மற்றவர்கள் முகத்தை வீட்டில் வைத்துக்கொண்டிருந்த தனக்கு அதைச் சொல்ல வாயில்லை என்று பட்டது.

"பேர் என்ன?" என்று கேட்டார்.

"மரகதம்."

"அவர் பேரு."

"குழந்தைவேலு."

பாயின் கடையிலிருந்து கண்ணாடி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதன்மேல் படத்தைப் பரப்பினார். ஓரம் வெட்டுகிற பிளேடை எடுத்தார். தலைத் துண்டிலிருந்து இடுப்பு வரைக்கும், பக்கத்தில் நின்றவர் தோள் உரசாமல், உள்ளங்கையளவு வெட்டி எடுத்தார். பாய் பேப்பருக்குப் பதில் புதுத் துணி கொடுத்தார். மரகதம் அதில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு மழையில் போய்விட்டாள்.

வீட்டில் சுசீலா விஷயத்தைக் கேட்டு அழுதாள். "என் வாய்தாங்க எல்லாத்துக்கும் காரணம்." அவர் அவளைத் திட்டவில்லை. "உன்னை ஒரு படம் எடுக்கணும்," என்றார். "ஒன்பது வருஷமா உன்னை எடுக்கவே இல்லை." இந்த நேரத்தில் இதென்ன பேச்சு என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செவ்வாய் காலை சௌதுரி வந்தார். ஓட்டை விழுந்த படத்தைச் சிவஞானம் திரும்ப மாட்டியிருந்தார். வேறு என்ன செய்வது? சுவரை வாங்கிவிட்டு வெறுமனே விடக் கூடாதே. சௌதுரி அதன் முன்னால் நின்றார், நன்றாகவே நின்றார். "நல்ல படமாக இருந்திருக்கும். யார் இப்படிப் பண்ணியது?" என்று ஹிந்தியில் கேட்டார். "நான்தான்," என்றார் சிவஞானம். சௌதுரி திரும்பி எதிர்ச் சுவருக்குப் போனார். பிமல் பாபுவின் அலைகளில் இரண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். எல்லோரும் கூடப் போனார்கள். சிவஞானத்துக்கு வலித்தது. நல்ல காரியம் செய்தோம் என்ற நினைப்பெல்லாம் அந்த வலிக்கு மருந்தாகவில்லை. கேம்பல் பேக்குப் போய்ச் சேர்ந்து கால் நீட்டிப் படுத்தால் போதும் என்றிருந்தது.

அப்போது வாசலில் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "பாபு, இங்கதான் போட்டோ குடுக்கறாங்களாமே. என் பேரு கோவிந்தராஜ். நானும் ஜெட்டிப் படத்துல இருக்கேனாம்."

சிவஞானம் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு படத்தைக் கழற்றிக் கண்ணாடிமேல் வைத்தார். "எங்க நிக்கிறீங்க, காட்டுங்க."

கோவிந்தராஜ் குனிந்து தேடினார். விரல் ஓட்டைக்கு வந்ததும் நின்றது. "இது யாரு பாபு? ஆளையே காணமே."

"குழந்தைவேலு," என்றார் சிவஞானம், பிளேடைத் துடைத்துக்கொண்டே. "பொண்டாட்டியைத் தேடிக்கிட்டு நின்னாரு. நேத்து அவங்க வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

"அப்படியா, நல்லது," என்றார் கோவிந்தராஜ். அந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே, கழுத்தை நீட்டி நிற்கிற தன்னைக் காட்டினார்.