வேலிக்கு வடக்கே

...பிரான்சிஸ்டவுனில் வந்துவிடும், அங்கே மேடை பெரிது, ஒலிபெருக்கி நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே வந்து குத்தும், அங்கே வராத அழுகை வேறு எந்த ஊரில் வரப்போகிறது, என்று பேருந்து ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு கொராட்டா நினைத்தாள், நெற்றி கண்ணாடியில் தடதடவென்று இடித்தது, வலிக்கிறதா என்று பார்த்தாள், வலிக்கவில்லை. அப்பா போன வெள்ளிக்கிழமை இறந்துபோனார். நாளை சனிக்கிழமை விடியற்காலையில் செரோவேயில் மண்ணுக்குள் வைக்கப்போகிறார்கள். மூத்த மகள் கண்ணில் இதுவரை ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. இப்படியே போய் நின்றால் பெரியம்மாக்களும் சர்ச்சுப் பெண்களும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், சவப்பெட்டியை யார் பார்க்கப்போகிறார்கள், கல்நெஞ்சுக்காரி என்று ஒருத்தி ஆரம்பித்தால் போதும், ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அதனால்தான் இந்த ஏற்பாடு. இன்று பிரான்சிஸ்டவுனில் இடிக்கொம்பு என்கிற மெட்டல் இசைக்குழுவின் கச்சேரி, அந்தப் பாட்டு வரும், அழுகை வரும், வந்த கையோடு கச்சேரிக் கூட்டாளி ஆணியின் மச்சான் காரில் ஏறி செரோவே போய்விடலாம், ஈரம் காயாத முகத்தோடு. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது... இல்லையா?

வெள்ளிக்கிழமைப் பேருந்து என்றாலே பாதிப் பேர் சாவுக்குப் போகிறவர்கள், மடியில் மடித்து வைத்த சால்வையும் தலையில் துணியுமாகப் பெண்கள், கறுப்புக் கோட்டோடு ஆண்கள், அவர்களுக்கு நடுவே தோல் ஜாக்கெட்டும் அகலத் தொப்பியும் இடுப்புச் சங்கிலியுமாக இடிக்கொம்பின் ரசிகர்கள் ஐந்தாறு பேர், எல்லோரும் ஒரே சாலையில்தான் போகிறார்கள். முன் இருக்கையில் ஆணி. பெற்றோர் வைத்த பெயர் மொத்துசி, அந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டான். கொராட்டாவுக்கும் அவர்கள் மத்தியில் சாட்டை என்றுதான் பெயர், இரும்புக் கடையில் ஆணியும் தாழ்ப்பாளும் எடுத்துக் கொடுக்கிற கொராட்டா வேறு, இவள் வேறு. காபரோனில் ஏறும்போதே ஒரு கிழவர் ஆணியின் தொப்பியைப் பார்த்துவிட்டு, "ஏன்டா கௌபாய், குதிரையை எங்கே விட்டே?" என்று கேட்டார். "அது முன்னாடியே போயிருச்சு ஐயா, பஸ்ல எடம் இருக்காதுன்னு அதுக்குத் தெரியும்," என்றான் ஆணி. பேருந்தே சிரித்தது. தானும் சிரித்தோமா என்று கொராட்டா யோசித்தாள், உதடு இழுபட்ட மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பருத்த பெண், துசோவின் அம்மா என்று தன்னைச் சொல்லிக்கொண்டவள், வேகவைத்த நிலக்கடலையை அவள் உள்ளங்கையில் கொட்டி, "நீயும் கூத்துக்கா மகளே?" என்றாள். "சாவுக்கு, ம்மா. செரோவேல. எங்கப்பா." துசோவின் அம்மா கடலை மெல்வதை நிறுத்தினாள். "இந்தக் கோலத்துலயா?" "பையில வேற துணி இருக்கு ம்மா. பாவாடை, சால்வை, எல்லாம்." அப்படிச் சொன்னபோது அவள் பொய் சொல்லவில்லை, சத்தியமாக இல்லை.

கடலையில் உப்பு இருந்ததா இல்லையா என்று கூடத் தெரியவில்லை... லொபாட்சேயில் ஆரம்பித்தது இந்த மரத்துப்போதல். இடிக்கொம்பின் பாடகன் ஓட்டெங் அந்தப் பாட்டில், மழை வராத வருடத்தில் தாய்ப்பசு கன்றைத் தேடுகிற வரி வரும்போது, கிடாரை முதுகுக்குத் தள்ளிவிட்டு மைக்கில் நெற்றியை முட்டி அழுவான். எல்லா ஊரிலும், அதே வரியில், அதே பக்கமாகத் தலையைச் சாய்த்து. ஒரு ஊரில் மட்டும் பார்த்தவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். ஊர் ஊராகப் பின்னால் போகிறவளுக்குத் தெரியாதா, அது கணக்குப் போட்ட அழுகை என்று. தெரிந்துதான் அழுவாள். புழுதியில் முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவன் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடையில் வாங்கிய திட்டு, வாடகை, விட்டுப்போன ஆண்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரு வரியில் அழுதுவிட்டுத் திங்கட்கிழமை தாழ்ப்பாள் விற்கப் போவாள். எத்தனையோ வருடமாக அவள் அழுகைக்கு அதுதான் இடம், வேறு எங்கேயும் அவள் அழுததே இல்லை. போன வெள்ளிக்கிழமை லொபாட்சேயில் அந்த வரிக்குக் கொஞ்சம் முன்னால் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. தங்கை நேயோ. அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அந்த நேரத்தில் நேயோ வேறு எதற்குக் கூப்பிடுவாள்? தெரிந்தது. எடுக்கவில்லை. வரி வந்தது, ஓட்டெங் அழுதான், கூட்டம் அழுதது, அவள் முகம் மட்டும் பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி கிடந்தது. மறுநாள் கன்யேயிலும் அப்படித்தான். சத்தம் மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தது. அப்பா இந்தச் சங்கீதத்தைப் பற்றிச் சொல்வார், கன்றுக்குட்டிக்குச் சூடு போட்டால் இதைவிட ராகமாகக் கத்தும் என்று. சொன்ன வாயோடு அவளுடைய முதல் ஜாக்கெட்டுக்குத் தன் கறுப்பு எருதின் தோலைப் பதப்படுத்திக் கொடுத்து அனுப்பினார், கழுத்துப் பக்கம் தடிப்பாக இருக்கும், முதுகுக்கு வைத்துத் தைக்கச் சொல், காற்று அடிக்காது என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்று மனதுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள், யாரோ ஒரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்வது போல இருந்தது.

டிபெட்டே வந்துவிட்டது. மாட்டு நோய்க்காகப் போட்ட வேலியின் வாசல், எல்லோரும் இறங்கி மருந்துத் தண்ணீர் ஊற்றிய சாக்கின்மேல் மிதித்து நடக்க வேண்டும், பையில் இறைச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், போட்டிருக்கும் செருப்பு மட்டுமல்ல, பையில் இருக்கும் செருப்பையும் எடுத்து நனைத்துக் காட்ட வேண்டும். இவளுக்கு இது பழகிப்போனது, மாட்டுக்காரர் மகள், மாட்டுக்கு இவ்வளவு மரியாதை செய்யாத ஊர் ஒரு ஊரா என்று அப்பா சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள். வெயில் தலையில் இறங்கியது. பச்சை மேலங்கி போட்ட சோதனைக்காரி மேசைக்குப் பின்னாலிருந்து, "வேற செருப்பு எதாச்சும் இருக்கா?" என்றாள். "இருக்கு. கறுப்பு, தட்டைச் செருப்பு, சாவுக்குப் போட," என்று சொல்லிக்கொண்டே கொராட்டா பையைத் திறந்தாள். மேலே கொம்பு படம் போட்ட கறுப்புச் சட்டை, அது இன்றைக்கு. அதன் அடியில் அதே கொம்பு போட்ட இன்னொரு சட்டை... அது எதற்கு? தோலுக்குப் போடுகிற எண்ணெய், முள் வைத்த கைப்பட்டை, அடியில் ஒரு ஜோடி பூட்ஸ், முனையில் இரும்பு வைத்தது, மணலில் நடக்கத் தோதானது. மணல் என்றால் மவுன். மவுனில்தான் நாளைக்கு இடிக்கொம்பு. பாவாடை இல்லை. சால்வை இல்லை. தலைத்துணி இல்லை. பையின் மூலை வரை கையை விட்டுத் துழாவினாள், கறுப்புச் செருப்பு காபரோனில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, நேற்று பை கட்டும்போது அதைக் கண்ணால் பார்த்தது நினைவுக்கு வந்தது, பார்த்து, தாண்டி, பூட்ஸை எடுத்திருக்கிறாள். சோதனைக்காரி பூட்ஸை வாங்கி மருந்தில் முக்கினாள். "இதையா போட்டுக்கிட்டு அப்பாவை அடக்கம் பண்ணப் போறே?" என்றாள், திட்டுகிற குரலில் கூட இல்லை. சொட்டச் சொட்ட அதைத் திருப்பித் தந்தாள்.

பேருந்து கிளம்பிற்று. வேலிக்கு இந்தப் பக்கமும் அதே முள்மரம், அதே ஆடு, அதே கழுதை. துசோவின் அம்மா எல்லாவற்றையும் பார்த்திருந்தாள், சாவு வீட்டுக்குப் போகிற பெண்களின் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. கொஞ்ச தூரம் போனதும், "எங்கிட்ட ரெண்டு சால்வை இருக்கு மகளே. பாவாடைக்கும் வழி பண்ணலாம். நானும் செரோவேதான், பலாப்யேல எறங்கித்தான் திரும்பணும், எங்கூடவே வந்துரு. கூத்து எங்க ஓடிப்போகுது," என்றாள். கொராட்டா தலையை ஆட்டினாள், சரி என்றா வேண்டாம் என்றா என்று ஆட்டிய அவளுக்கே தெரியவில்லை. முன்னால் ஆணி தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிறான், மச்சானிடம் கார் கேட்டாயா என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாளா இந்த வாரம் முழுவதும்? கேட்கவில்லை. அவனிடம் சொல்லவே இல்லை. கார் என்று ஒன்று அவள் தலைக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் அழுகையைத் தேடிக்கொண்டு அவள் போகவில்லை, எந்த ஊரில் அழுகை வந்தாலும் வராவிட்டாலும் அவள் செரோவேக்குப் போவதாகவே இல்லை, கைக்குத் தெரிந்திருக்கிறது, வாய் மட்டும் ஒரு வாரமாக வர்றேன் வர்றேன் என்று ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இதற்காவது வெட்கம் வர வேண்டாமா? வரவில்லை. பூட்ஸிலிருந்து மருந்துத் தண்ணீர் கசிந்து பையை நனைத்து முழங்காலில் இறங்கியது, அது மட்டும் சில்லென்று தெரிந்தது.

மஹலாப்யே நெருங்கும்போது போன் அடித்தது. நேயோ. இந்த முறை எடுத்தாள், ஏன் எடுத்தாள்? அந்தப் பக்கம் பெண்கள் பாடும் சத்தம், பாத்திரம் இழுபடும் சத்தம், யாரோ விறகு பிளக்கிறார்கள், ஒரு மாடு வெட்டுக்குப் போகும்போது கத்துவது போலக் கத்தியது. "எங்கேக்கா வர்றே?" "மஹலாப்யே." "சாப்டியா?" "கடலை." நேயோ, யாருக்கும் கேட்காத இடத்துக்கு நகர்ந்துபோய்ப் பேசுவது போல, குரலைத் தாழ்த்தி, "அக்கா, நான் கோவமாக் கேக்கல. பெட்டியை எறக்கினதும் பிள்ளைங்க ஆளுக்கு ஒரு பிடி மண்ணு போடணும்ல. நாளைக்கு உன் பங்கையும் நானே போட்டுரட்டுமா? பெரியம்மாகிட்ட உனக்கு ஒடம்புக்கு முடியலன்னு சொல்லிக்கறேன்," என்றாள். ஆக அவளுக்குத் தெரியும். வாரம் முழுவதும் தெரிந்திருக்கிறது, தெரிந்தே ஒவ்வொரு நாளும் சரிக்கா, சரிக்கா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், சின்னவள், மூக்கு ஒழுக இவள் பின்னாலேயே திரிந்தவள், இப்போது இவளுக்காகப் பொய் சொல்லக் கூடத் தயாராக நிற்கிறாள். ஆமாம், நீயே போட்டுவிடு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. பிரான்சிஸ்டவுன், அப்புறம் மவுன், அப்புறம் திங்கட்கிழமை, தாழ்ப்பாள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"போடாதே," என்றாள்.

பேருந்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள், ஆணி தொப்பியைத் தூக்கிப் பார்த்தான், அவ்வளவு சத்தமாகவா சொன்னோம்? "அப்ப வர்றியாக்கா?" என்றாள் நேயோ. போகிறோமா என்று கொராட்டாவுக்கு இன்னும் தெரியவில்லை, பலாப்யே வருவதற்கு நேரம் இருக்கிறது, கண்ணும் காய்ந்துதான் கிடந்தது. ஆனால் தன் பங்கு மண்ணை வேறொரு கை, அது நேயோவின் கையாகவே இருந்தாலும், அள்ளக் கூடாது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது, ஒரு வாரத்தில் அவளுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.