மெசாகேயின் இடது கை

ரக்பியில் இரு அணியும் தோளோடு தோள் கோத்து எதிரெதிரே முட்டித் தள்ளும் ஸ்க்ரம்முக்குக் குனிந்தபோது மெசாகேயின் இடது கை என் முதுகைச் சுற்றி வந்தது. ஆனால் விரல்கள் சட்டையைப் பிடிக்கவில்லை. ஈரத்துணிபோல வழுக்கி இறங்கின. முழங்கையை மடக்கி என்னை இறுக்கிக்கொண்டான். ஃபிஜியின் லௌட்டோகா மைதானம் நிறைந்த கூட்டத்தில் அதை அறிந்தவன் நான் ஒருவன்தான்.

"கை எங்க மச்சான்?"

"பின்னாடிதான் இருக்கு. உன் மூக்கை ஒதுக்கிட்டுப் பந்தைப் பாரு."

என் அத்தை மகன். என்ன பேசினாலும் ஒருவர்மேல் ஒருவர் கோபிக்கும் வழக்கம் எங்களுக்குள் கிடையாது. பிரான்ஸ், ஜப்பான் என்று பன்னிரண்டு வருடம் அந்நாட்டு அணிகளுக்குத் தோளை விற்றுவிட்டு, கழுத்தில் அறுவைத் தழும்போடு ஊர் அணிக்குத் திரும்பியவன். கை மறுபடி மரத்தால் அந்த நொடியே வெளியே வந்துவிட வேண்டும், இன்னோர் அடி பட்டால் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்று மருத்துவர் சொன்னபோது நானும் கூட இருந்தேன். திங்கட்கிழமை உலகக் கோப்பைக்கான அணியை அறிவிக்கிறார்கள். அவன் வயதுக்கு அடுத்த கோப்பை என்று ஒன்று இல்லை.

கடைசி நிமிடங்கள். இரண்டு புள்ளி முன்னே இருந்தோம். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் மோதினோம். எதிரணி நியூசிலாந்துக்காரர்களின் எடையெல்லாம் அவன்மேல் வந்து இறங்கியது. அந்த நேரத்தில் பக்கத்திலிருப்பவன் முகம் தெரியாது, மூச்சு மட்டும் கேட்கும். அவன் மூச்சும் நின்றது. பிறகு அவன் இடுப்பிலிருந்து ஏதோ புறப்பட்டது. அதைப் பலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிலமே எழுந்து நடந்தாற்போல எதிரணி மெல்லப் பின்னால் போயிற்று. என் கால்கள் தரையில் இல்லை. ஒரு கை இல்லாமல் என்னையும் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். தேவாலயத்தில் தனியாக இருக்கும்போது வருகிற பயம் எனக்கு வந்தது.

எதிரணி தாங்காமல் சரிந்தது. மறுபடி ஸ்க்ரம் அமைக்கச் சொன்னார் நடுவர்.

"இன்னும் ஒண்ணுதான். வாயைத் திறந்தே, பல்லு இருக்காது," என்றான் மெசாகே.

"இருக்கிறதே நாலு பல்லு மச்சான்."

சிரித்துக்கொண்டே தோளைக் கொடுத்தான். நான் அதில் கை போடவில்லை. முன்வரிசையின் நடுவில் நிற்கும் நான் கை போடாமல் ஸ்க்ரம் இல்லை. நடுவர் பக்கம் திரும்பினேன்.

"இவனுக்குக் கை வேலை செய்யலை."

மெசாகே என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அத்தை மகன் இல்லை.

கழுத்துப் பட்டை கட்டி அவனைத் தூக்கிப்போனார்கள். அடுத்த ஸ்க்ரம்மில் எதிரணியினர் எங்களை மிதித்துத் தள்ளினார்கள். தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் எப்போதும்போல வட்டமாக நின்று ஞானப்பாட்டைத் தொடங்கினோம். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மெசாகே பாடும் கீழ்க்குரலுக்கு ஆளில்லாமல் பாட்டு அந்தரத்தில் ஆடியது. இரண்டாவது அடியில் அந்தக் குரல் வந்து சேர்ந்தது. ஒவ்வொருவராக மைதான ஓரத்தைத் திரும்பிப் பார்த்தோம். திறந்திருந்த ஆம்புலன்ஸுக்குள், பட்டை கட்டிய கழுத்தோடு மல்லாந்து கிடந்து, வண்டியின் கூரையைப் பார்த்தபடி மெசாகே பாடிக்கொண்டிருந்தான்.