மூணு நாள்தாங்க

எங்கள் வீட்டில் தூரமானால் மூன்று நாள் யாரையும் தொடாமல் தள்ளி உட்கார வேண்டும். நான்காம் நாள் விடிந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிட வேண்டும். உதிரம் நின்றதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். தலை நனைந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ராசிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பதினாறு வருடமாக எனக்கும் இதே கணக்குதான்.

அதனால் மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோதெல்லாம், எத்தனை நாள் போகும் என்று கேட்டால் மூன்று என்றே சொன்னேன். பொய் சொல்கிறோம் என்று சத்தியமாகத் தோன்றவில்லை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். நானும் விழுங்கித் தொலைப்பேன்.

போன மாதம் தறி ஓட்டும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் குருமூர்த்தி பதறிப்போய், தன் அம்மா தெய்வநாயகியைத் துணைக்கு அனுப்பி, சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பெண் டாக்டரிடம் காட்டச் சொன்னார்.

ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் எலுமிச்சம்பழம் அளவில் இரண்டு கட்டி. ஃபைப்ராய்டு என்றார் டாக்டர். நிறையப் பெண்களுக்கு வருவதுதான், புற்றுநோய் இல்லை, பயப்படாதே என்றார். வயிற்றுக்குள் இரண்டை வைத்துக்கொண்டு எப்படிப் பயப்படாமல் இருப்பதாம்? எனக்கு ஒரு எழவும் புரியவில்லை.

பிறகு ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. மாதவிலக்கு எத்தனை நாள் என்று கேட்டார்.

“மூணு நாள்தாங்க,” என்றேன், வழக்கம்போல.

மூன்று நாளில் ரத்தம் இவ்வளவு இறங்காதே என்றார். கட்டிகட்டியாகப் போகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை துணி மாற்றுகிறாய், ஏழு நாளைத் தாண்டுகிறதா என்று அடுக்கினார். சரியாகச் சொன்னால்தான் மருந்தா, ஆபரேஷனா என்று முடிவு செய்ய முடியுமாம். அப்போதுதான் உறைத்தது. குளிப்பது வேறு, நிற்பது வேறு. ஏழு நாளைத் தாண்டினால் கோளாறு என்று இந்த வயதுவரை ஒருத்தியும் எனக்குச் சொல்லவில்லையே, பாவிகள்.

சொல்லிவிடலாம். ஆனால் பக்கத்து நாற்காலியில் மாமியார். மூன்றுக்கு மேல் எவ்வளவு சொன்னாலும், அத்தனை நாளும் தீட்டோடு பொங்கினேன், விளக்கேற்றினேன், சௌடேஸ்வரியம்மனுக்கு மாவிளக்கு இடித்தேன் என்றாகிவிடும்.

“பதினோரு நாளுங்க,” என்றார் மாமியார். “ரெண்டு வருசமா அப்படித்தானுங்க. சேலைக்கு அடியில துணி காயறதப் பாத்துட்டுத்தான இருக்கறேன்.”

டாக்டர் எழுத ஆரம்பித்தார். மாமியார் என் பக்கம் திரும்பவே இல்லை.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அடக்கமாட்டாமல் கேட்டேன். “தெரிஞ்சும் ஏனுங்கத்தை எங்கிட்டக் கேக்கல?”

“கேட்டா நீ சொல்லுவ. சொன்னா பதினோரு நாளும் உன்னையத் தள்ளி உக்கார வெக்கோணும்.”

என்மேல் இரக்கப்பட்டு மறைத்தாரா, அடுப்புக்கு ஆள் இருக்காது என்று மறைத்தாரா? கையைப் பிடித்து அழுவதா, தோளைப் பிடித்து உலுக்குவதா என்று தெரியாமல் நின்றேன். ராசிபுரம் பஸ் வந்தது. ஏறும்போது எனக்குத் தலை சுற்ற, முழங்கையைப் பிடித்துத் தாங்கினார். அன்று எனக்கு ஆறாம் நாள். அவருக்கும் அது தெரிந்திருக்கும்.