ஒரு சாண் மரத்தின் நிழல்

கண்டி மஹய்யாவயில் லெட்சுமணன் குடியிருக்கும் சந்தில், ஒரு சாண் உயரமுள்ள சைப்பிரஸ் மரத்துக்கு அறுபத்திரண்டு அடி நிழல் விழுகிறது. இது காலை எட்டு மணிக் கணக்கு. நில அளவைக்காரர்களுக்குச் சங்கிலி பிடிக்கும் ஒருவர் அதே சந்தில் இருக்கிறார், அவர் நாடா பிடித்து அளந்து சொன்னது. பத்து மணிக்கு இருபத்தொரு அடி. உச்சிவேளையில் தொட்டிக்குள் அடங்கிவிடும், பிறகு மறுபக்கம் நீண்டு பொதுக் குழாய் வரை போகும். மழை நாளில் நிழல் கிடையாது. நனைந்த சைப்பிரஸ் வாசம் மட்டும் சந்து முழுக்க நிற்கும்.

லெட்சுமணனும் அவன் மனைவி பேச்சியம்மாவும் தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். ஓர் ஐப்பசி மாதம், அடைமழையின் மூன்றாம் நாள், பேச்சியம்மாவின் கண் கிளினிக்குக்காக இருவரும் கண்டிக்கு வந்திருந்தார்கள். மகள் பிரேமிளா தானும் வருகிறேன் என்றாள். "மழைக்குள்ள அலையாத, வீட்டுலயே இரு" என்று சொல்லிவிட்டு வந்தவன் லெட்சுமணன். பகல் பதினொரு மணிக்கு மலை சரிந்து இறங்கியது. அவர்கள் குடியிருந்த லயமும் போயிற்று, லயத்துக்குக் கீழே மயானத்தைச் சுற்றி நின்ற பெரிய சைப்பிரஸ் மரங்களும் போயின. ஆமிக்காரர்கள் பதினாறு நாள் தோண்டினார்கள். பிரேமிளா கிடைக்கவில்லை. தோண்டுவதை நிறுத்திய இடத்தில் விரல் நீளத்தில் ஒரு சைப்பிரஸ் கன்று நின்றது. லெட்சுமணன் அதை மண்ணோடு அள்ளி ஒரு பால்மா டின்னில் வைத்துக்கொண்டு மலையிறங்கினான். மகளுக்கு என்று சொல்ல வேறு குழி இல்லை.

மஹய்யாவயில் ஒற்றை அறை கிடைத்தது. லெட்சுமணன் மேசன்மாருக்குக் கையாளாகப் போனான். வந்து ஒன்பதாம் நாள் வெயில் அடித்தபோது, டின்னிலிருந்து நிழல் கிளம்பி எதிர் வீட்டுச் சுவரில் ஏறியது. பேச்சியம்மா அதன் உச்சியை, இடி விழுந்து கவடாகப் பிரிந்திருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம மயானத்து மூணாவது மரம்" என்றாள். அவளுக்கு அரைப் பார்வைதான், ஆனால் தவறாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து நிழலுக்குள் கதிரையைப் போட்டு அரிசி பொறுக்குவதும் கீரை ஆய்வதும் அங்கேதான். ஊரெல்லாம் வியர்த்து வழியும் பங்குனியில் அவள் சுவெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோட்டத்துக் குளிர் நிழலோடு வந்துவிட்டது.

கன்று வளர்ந்தால் எங்கே நடுவது என்ற கவலை பிறகு வந்தது. சொந்தமாக ஒரு முழம் மண் இல்லை. வாடகை வீட்டு முற்றத்தில் நட்டால் நாளைக்கு வீட்டுக்காரன் வெட்டுவான். அப்போதுதான் அம்பிட்டியவில் மதில் கட்டப் போன வீட்டில், மாடிப்படி நெடுக, தட்டுப் போன்ற தொட்டிகளில் கிழட்டு மரங்கள் முழ உயரத்தில் நிற்பதை லெட்சுமணன் கண்டான். வீட்டுக்காரி இல்மா டவுனில் ஒரு பாமசியில் மருந்து கொடுப்பவள். மரத்தைப் பொன்சாய் ஆக்கினால் ஆயுசுக்கும் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அடியில் ஓட்டையுள்ள தொட்டியொன்றும் கொடுத்தாள். காலை வெயில் படவேண்டும், மண் காயக்கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது, நுனியைக் கத்திரிக்கோலால் வெட்டினால் கருகும், விரலால் கிள்ளவேண்டும் என்றாள். கிள்ளுவது பேச்சியம்மாவின் வேலையாயிற்று. முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய விரலுக்குக் கண் தேவைப்படவில்லை. அப்படியே நாலு வருஷம் போயிற்று. மரம் ஒரு சாணுக்கு வந்தது, நிழல் முன்னிருந்த அளவிலேயே இருந்தது.

நிழலால் சிரமப்பட்டவள் எதிர் வீட்டு அங்கம்மா. துவைத்த துணி இரண்டு நாள் ஈரமாகக் கிடந்தது, காயப்போட்ட மிளகாய் பூஞ்சணம் பிடித்தது. சண்டைக்காரி இல்லை, வாய்க்காரி. "லெட்சுமணண்ணே, ஒங்க மரம் பகல் முழுக்க எங்க வீட்டுலதான் படுத்துக் கெடக்கு. சோறும் நானே போடணுமா?" என்று ஒருநாள் குழாயடியில் எல்லாரும் கேட்கக் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். லெட்சுமணனும் சிரித்தான், ஆனால் அது மனதில் தங்கிவிட்டது.

அவன் இருபத்தாறு வருஷம் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவன். நாலு வருஷத்துக்கு ஒருமுறை தேயிலையின் இலையையும் கொப்பையும் கத்தியால் வீழ்த்தி, முழங்கால் உயரத்துக்கு மொட்டைக் கட்டையாக்கிவிடுவார்கள். செடி மூச்சு விடட்டும் என்று ஒரேயொரு கொப்பை மட்டும் இலையோடு விட்டுவைப்பார்கள். அறுபதாம் நாள் கட்டை முழுக்கத் தளிர் குத்தும். அதன்பின் அந்த மூச்சுக் கொப்பையும் எடுத்துவிடுவார்கள். லெட்சுமணனுக்கு ஒரு செடியைத் திரும்ப இளமையாக்குவது என்றால் அதுதான். இல்மாவிடம் இதைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை. தெரிந்த வேலையை யார் கேட்டுச் செய்வார்கள். நாலாம் வருஷம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பேச்சியம்மா கோயிலுக்குப் போன நேரத்தில், நிழலும் அடங்கும், மரமும் புதிதாகத் தளிர்க்கும் என்று கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி, ஒரு கொப்பை மட்டும் விட்டு மரத்தை வெட்டினான். நல்ல வெட்டு. சிம்பு இல்லாமல், சாய்வாக.

பேச்சியம்மா திரும்பி வந்தபோது சந்தில் ஒரு மொட்டைக் கம்பமும் அதில் ஒரு கையும் நிழலாகக் கிடந்தன. மற்ற இடமெல்லாம் வெயில். அங்கம்மாவின் துணி பகலுக்குள் காய்ந்தது. "அறுபது நாள் பொறு, புள்ள, தளதளன்னு வரும்" என்றான். அவள் கதிரையை உள்ளே எடுத்து வைத்தாள். அறுபது நாள் போயிற்று, எழுபத்தைந்து போயிற்று. தொண்ணூறாம் நாளும் கட்டையில் ஒரு மொட்டு இல்லை. தேயிலையில் இப்படி நேர்ந்தால் மூச்சுக் கொப்பு சாற்றையெல்லாம் தானே குடிக்கிறது என்று அர்த்தம். லெட்சுமணன் அதையும் எடுத்துவிடலாம் என்று கத்தியோடு குந்தினான். பேச்சியம்மா தடவிப் பார்த்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மண்சரிவு நடந்த நாளிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது சொன்னாள், சத்தம் போடாமல்.

"அவள வீட்டுல இருன்னு சொன்னதும் நீங்கதான். இதுலயும் ஒங்க கையாலயே வேணாம்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். மறுநாள் காலை அவள் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு அம்பிட்டிய பஸ்ஸில் ஏறினாள், அவன் பின்னால் ஏறினான். பஸ்ஸின் கூரையைத் தாண்டி நிழல் வெளியே விழுந்து வாவிக்கரை நெடுக நீரின் மேல் ஓடி வந்தது. உள்ளே இருட்டாக இருந்ததால் நடத்துநர் விளக்கைப் போட்டுவிட்டு டிக்கட் கிழித்தான். குளிருக்கு இரண்டு பேர் கண்ணாடியை மூடினார்கள்.

இல்மா தொட்டியைப் படியில் வைத்து, நகத்தால் கட்டையைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தாள்.

"என்ன செஞ்சி வெச்சீக்கிறீங்க அண்ணே. இது தேயிலயா? பச்ச இல்லாத கட்டயில சைப்பிரஸ் தளிர்க்காது. நூறு வருஷம் பாத்துட்டு இருந்தாலும் தளிர்க்காது."

"மூச்சுக்கு ஒன்னு விட்டேன் மிஸ்."

"அந்த ஒண்டாலதான் இது உசுரோட ஈக்கி. அதயும் வெட்டியிருந்தா நீங்க வெறும் வெறகத்தான் கொண்டு வந்திருப்பீங்க."

பேச்சியம்மா கேட்டாள்: "தலை வருமா மிஸ்?"

"வரும். பழைய தலை இல்ல. இந்தக் கொப்பத் தூக்கித்தான் தலையாக்கணும். கம்பி சுத்தி, கெழமைக்குக் கொஞ்சம் கொஞ்சமா. அவசரப்பட்டா முறிஞ்சிரும், அதோட சரி."

செத்த கட்டைகளைத் தறிக்கவேண்டாம் என்றும், பட்டையை உரித்து வெளுக்க விட்டால் அவையும் மரத்தோடு நிற்கும் என்றும் சொல்லியனுப்பினாள்.

பல்லேகலயில் ஒரு கட்டட வேலையில் வீசியிருந்த மின்கம்பித் துண்டுகளை லெட்சுமணன் பொறுக்கி வந்து, மேலுறையை உரித்துச் செம்பை எடுத்தான். ஞாயிறு தோறும் பேச்சியம்மா தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்க, அவன் கம்பியை ஒரு நெல்லளவு முறுக்குவான். அவன் விரலோ சீமெந்தில் வெடித்துத் தடித்த விரல். கொப்பு தாங்குமா என்று அதற்குத் தெரியாது. அதனால் அவள் தன் சுட்டுவிரலை வளைவில் வைத்திருப்பாள், "போதும்" என்றதும் நிறுத்துவான். வேறு பேச்சு இல்லை. அவன் முறுக்கும் நேரம் வெளியே சந்தில் அந்த ஒற்றைக் கையின் நிழல் மெல்ல நகர்ந்து நிமிரும். நடந்து போகிறவர்கள் தட்டுப்படாமல் ஒதுங்கி நிற்பார்கள். பட்டை உரித்த கட்டைகள் வெளுத்தன, அவற்றின் நிழலும் வெளுத்துச் சாம்பல் நிறமாக விழுந்தது. பதினோராம் மாதம் கொப்பு நேராக நின்றது. அதற்கடுத்த மாதம் அதன் நுனியில் கடுகளவு பச்சைகள் வந்தன. பேச்சியம்மா தடவி எண்ணினாள், பதினேழு. அன்று மாலை கதிரையை எடுத்து வெளியே போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே பார்த்து, "அந்த ஸ்டூல எடுத்துட்டு வந்து ஒக்காருங்களேன்" என்றாள்.

அந்த ஐப்பசியில் பிரேமிளாவின் திதி நல்ல வெயில் நாளில் வந்தது. காலை பத்து மணிக்கு நிழலின் தலை அங்கம்மா வீட்டு வாசலில் விழுந்தது, தலைமாட்டை விட்டு வேறெங்கும் படையல் வைக்க முடியாது. பேச்சியம்மா அங்கே வாழையிலை விரித்து, பிரேமிளாவுக்குப் பிடித்த பாணும் சீனிச் சம்பலும் வைத்து, சூடம் ஏற்றினாள். கதவு திறந்தது. வாசலை மறித்ததற்கு ஏதாவது சொல்லப்போகிறாள் என்று லெட்சுமணன் எழுந்து நின்றான். அங்கம்மாவின் கையில் புருஷனின் படம் இருந்தது. கட்டாருக்கு வேலைக்குப் போய் இறந்து, அங்கேயே புதைக்கப்பட்டவன். குழி எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்கு யாரும் எழுதவில்லை.

"பேச்சிக்கா, இவருக்கும் ஒரு ஓரமா எடம் இருக்குமா?"

பேச்சியம்மா இலையை ஒரு சாண் தள்ளி வைத்தாள்.

"இருக்கு. வை."

இப்போது அந்த நிழலில், குழி காணக் கிடைக்காத ஏழு பேருக்கு இடம் குறித்தாயிற்று. இல்மா வருஷத்துக்கு ஒருமுறை வந்து வேர் கத்தரித்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். மாநகரசபைக் குப்பை லொறி நிழலின் ஓரத்தோடு நின்றுவிடும். டயர் ஏறக்கூடாது என்பது சாரதிக்குத் தெரியும். ஆட்கள் இறங்கி நடந்து வந்து பைகளை எடுத்துக்கொண்டு போவார்கள்.